கண்டேனே என்றால் கண்டதாகுமா?

முல்லைப் பெரியாறு பற்றி இத்தனை காலம் நடந்த வழக்கு, உண்ணாவிரதம், மேடைப்பேச்சு எல்லாவற்றையும் பிழிந்தால் கடைசியில் மிஞ்சுவது அரை வாக்கியம். குமுளியில் மலையாளிகள் அதை ‘டாம் பொட்டியால்’ என்கிறார்கள். மலையிறங்கி லோயர் கேம்ப் வந்தால் ‘அணை உடைஞ்சா’. மீதி அரையை அவரவர் அச்சத்துக்கும் தேவைக்கும் ஏற்ப நிரப்பிக்கொள்கிறார்கள். 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் 999 ஆண்டுக்கு எழுதிக்கொடுத்த குத்தகை, 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, 152 அடியிலிருந்து பிற்பாடு 136க்கு இறக்கப்பட்ட நீர்மட்டம், 142 வரை தேக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதைத் தடுக்க அதே ஆண்டு கேரளம் கொண்டுவந்த சட்டத் திருத்தம், அந்தத் திருத்தம் செல்லாது என்று 2014 மே மாதம் வந்த தீர்ப்பு, எல்லாமே அந்த ‘ஆல்’ விகுதியின் மேல்தான் நிற்கின்றன. 2011இல் ‘டேம் 999’ படத்தைத் தமிழ்நாடு தடை செய்தது. வினையெச்சம் ஒன்றுக்காக ஒரு படம் முடங்கியது உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்குமா, தெரியவில்லை.

‘பொட்டியால்’, ‘உடைந்தால்’ இரண்டிலும் பேசுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. அணை உடையும் என்று அவர் நம்புகிறாரா, உடையவே உடையாது என்று நினைக்கிறாரா, இரண்டையும் அவர் சொல்லவேண்டியதில்லை. பீதியில் பேசுகிறவரும் கேலியில் பேசுகிறவரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். குரலும் முகமும் மீதியைச் சொல்லிவிடும். இதே பேச்சை ஆங்கிலத்தில் எழுத உட்காரும் நிருபருக்கு அந்த வசதி கிடையாது. ‘இஃப் தி டேம் பிரேக்ஸ்’ என்று எழுதினால், நடக்கக்கூடியது என்று அவர் ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘இஃப் தி டேம் புரோக்’ என்றால் நடக்க வாய்ப்பில்லாத ஒன்றைச் சும்மா கற்பனை செய்வதாகிவிடும். ‘வேர் டு பிரேக்’ என்றால் இன்னும் ஓர் அடி தள்ளி நிற்கிறார். மூலத்தில் இல்லாத ஒரு நிலைப்பாட்டை இலக்கணமே அவர் கையில் திணிக்கிறது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கில நிபந்தனை வாக்கியத்தில் தடுமாறுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அதை ‘டென்ஸ் தெரியாத பையன்’ என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம்.

தமிழ் நிபந்தனையை எப்படிக் கட்டுகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ‘வந்தேன்’, ‘வந்தாள்’, ‘வந்தால்’. மூன்றிலும் ‘வந்த்’ என்ற இறந்தகாலப் பகுதி இருக்கிறது. ஆனால் மூன்றாவதில் இறந்தகாலம் கிடையாது. ‘நாளைக்கு வந்தால் பார்க்கலாம்’ என்கிறோம். நாளை எப்படி இறந்தகாலம் ஆகும்? யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் நமக்கு அது உறுத்துவதில்லை. தொல்காப்பியம் பட்டியலிடும் வினையெச்சங்களில் ‘செயின்’ ஒன்று. ‘வரின்’, ‘பெய்யின்’ என்ற அந்தப் பழைய வடிவத்தில் காலமே இல்லை. பிற்காலத் தமிழ் அதை ஏட்டோடு விட்டுவிட்டு, இறந்தகாலப் பகுதியோடு ‘ஆல்’ சேர்க்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. மலையாளமும் இதில் நம்மோடுதான். வாளையாறுக்கு இந்தப் பக்கம் ‘மழை பெய்தால்’, அந்தப் பக்கம் ‘மழ பெய்தால்’. ஓர் ஐகாரம்தான் வித்தியாசம்.

ஆங்கிலமும் இதே தந்திரத்தைச் செய்கிறது. ‘இஃப் ஐ ஹேட் எ கார் நவ்’ என்பதில் ‘ஹேட்’ இறந்தகாலம், ‘நவ்’ நிகழ்காலம். இந்த முரணைப் பற்றி சபீன் யாட்ரிடூ என்ற மொழியியலாளர் 2000இல் எழுதிய கட்டுரை இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. இப்படி வரும் இறந்தகாலத்தைப் போலி இறந்தகாலம் என்கிறார்கள். காலத்தில் பின்னால் போவதற்குப் பயன்படும் அதே உருபு, நிஜத்திலிருந்து விலகி நிற்பதற்கும் பயன்படுகிறது என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். ஒன்றுக்கொன்று உறவில்லாத பல மொழிகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது.

வேறுபாடு, யார் எங்கே இதைச் செலவழிக்கிறார்கள் என்பதில். சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம், கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேன்பதிப் பக்கம் மழைமறைவுப் பிரதேசம். அங்கே விவசாயி ஆண்டு முழுக்கப் பேசும் நிபந்தனை வாக்கியம் ‘ஆளியாத்துல தண்ணி விட்டா’ என்று தொடங்கும். பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி 1958லிருந்து செல்லும்படி ஆனது. அதன்படி சித்தூர்ப்புழைக்குக் கிடைக்கவேண்டியது ஆண்டுக்கு 7.25 டிஎம்சி. ‘தண்ணி விட்டா நடவு’ என்று ஆனி மாதத்தில் சொன்னாலும், ‘இனி எங்கே விடப்போறான், விட்டா நல்லாத்தான் இருக்கும்’ என்று பயிர் காய்ந்தபின் சொன்னாலும், வினை அதே ‘விட்டா’. தமிழ் தன் இறந்தகாலப் பகுதியை எல்லா நிபந்தனைக்கும் ஒரே சீராகக் கொடுத்துவிட்டதால், நம்பிக்கையையும் நம்பிக்கையின்மையையும் பிரித்துக்காட்ட அதன் கையில் மிச்சம் எதுவும் இல்லை. ஆங்கிலம் சிக்கனமானது. நடக்கக்கூடியதற்கு நிகழ்காலத்தைக் கொடுத்து, நடவாததற்கு மட்டும் இறந்தகாலத்தை எடுத்துவைக்கிறது. கூடவே பின்பாதியில் ‘வில்’ என்பதை ‘வுட்’ ஆக்குகிறது. நம் ‘பறப்பேன்’ இரண்டு வேலையையும் பார்க்கிறது: ‘டிக்கெட் கிடைத்தால் நாளைக்கே பறப்பேன்’, ‘இறக்கை இருந்தால் பறப்பேன்’.

இனி நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். எல்லைப்புறப் பள்ளிகளில் என்றில்லை, தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கும் எந்தப் பள்ளியிலும் சிவப்பு மையில் அடிபடும் வாக்கியங்கள் சில வகைக்குள் அடங்கிவிடும். ‘இஃப் இட் வில் ரெயின் டுமாரோ’ முதல் வகை. நாளை என்றால் ‘வில்’ போடவேண்டும் என்று ஆசிரியர்தான் சொல்லியிருக்கிறார், பிள்ளை அதை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது. ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ இரண்டாவது. நம் ‘வராவிட்டால்’ என்பதில் எதிர்மறை உள்ளேயே இருக்கிறது. ‘அன்லெஸ்’ என்பதிலும் இருக்கிறது என்று தெரியாத பிள்ளை இன்னொன்றைச் சேர்த்துவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது மூன்றாவது: ‘யூ கம் மீன்ஸ், ஐ வில் கம்.’ இதைக் கேட்டுச் சிரிக்காத ஆங்கில ஆசிரியர் குறைவு. ஆனால் இதில் இருக்கும் தர்க்கத்தைப் பாருங்கள். ‘கங்காணின்னா யாரு?’ என்று பேரன் கேட்கிறான். இந்த ‘ன்னா’வுக்கு ஆங்கிலத்தில் ‘மீன்ஸ்’ என்று சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறான். ‘நீ வந்தீன்னா நானும் வருவேன்’ என்பதிலும் அதே ‘ன்னா’ இருக்கிறது. இரண்டும் ‘என்றால்’ என்பதன் தேய்வு. ஒரு தமிழ் உருபுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கில் தப்பே இல்லை. ஆங்கிலம்தான் ஒரே உருபின் இரண்டு வேலைக்கு இரண்டு ஆள் வைத்திருக்கிறது. பிழை என்று அடிக்கும் முன் இதை அவனிடம் சொல்லிவிட்டால், அந்தப் பிழை மறுபடி வருவது அரிது.

இதே பாடத்தை ஸ்பானிய மொழிக்காரர் படிக்கும்போது வேறு இடத்தில் கால் இடறும். அவருடைய மொழியில் நடக்கக்கூடியதற்கு ஒரு வினைவடிவம், சந்தேகத்துக்கும் கற்பனைக்கும் வேறு வினைவடிவம் என்று தெளிவான பிரிவு இருக்கிறது. அணை உடைந்தால் என்பதை ‘ரோம்பே’ என்றும் சொல்லலாம், ‘ரோம்பியேரா’ என்றும் சொல்லலாம். எட்டநின்று பேசும் அந்தக் கற்பனை வடிவம் ஆங்கிலத்தில் ஏறக்குறைய செத்துவிட்டது. ‘இஃப் ஐ வேர்’ என்பதில் வரும் ‘வேர்’ அதன் எலும்பு. ஆகவே ஸ்பானியருக்கு வேறுபாடு ஏற்கெனவே தெரியும், அதை எந்த உடுப்பில் ஆங்கிலம் வைத்திருக்கிறது என்பதுதான் தெரியாது. நமக்கோ உடுப்பு பழகியது, போலி இறந்தகாலம் நம் வீட்டுப் பொருள். அதை எப்போது எடுக்கவேண்டும் என்பதுதான் புதிது. கடந்துபோன கற்பனையில் ஸ்பானியர் இரண்டு பாதியிலும் ‘உபியேரா’ என்ற ஒரே வடிவத்தை வைத்துப் பேசலாம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்’ என்று இருபுறமும் ‘வுட் ஹேவ்’ போட்டுவிடுகிறார்கள். அமெரிக்கர்களே பேச்சில் அப்படிச் சொல்வதுண்டு என்பது வேறு விஷயம். பரீட்சைத் தாளில் அது எடுபடாது.

இங்கே ஒரு பொதுவிதியையும் சொல்லிவிடலாம். ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் வெளியிட்ட உலகப் பொதுமைகளின் பட்டியலில் பதினான்காவது, எல்லா மொழிகளிலும் நிபந்தனை முன்னால், விளைவு பின்னால் வருவதே இயல்பான வரிசை என்பது. ஆங்கிலம் திருப்பிப் போட அனுமதிக்கும். நாமும் ‘குடைய எடுத்துட்டுப் போ, மழ வந்தா’ என்று வாசலில் நின்று கத்துவோம். என்றாலும் முதலில் ‘ஆல்’ வருவதுதான் வழக்கம்.

நிபந்தனை வாக்கியம் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது அதிகம். மூணாறு இதற்குச் சாட்சி. 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததை எதிர்த்து, கொழுந்தெடுக்கும் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது அப்போதுதான். அவர்கள் கோரிக்கையை ஒரே வரியில் சுருக்கினால் ‘இருபது கொடுத்தால் வேலைக்கு வருவோம்’ என்று ஆகும். இதற்கு என்ன அர்த்தம் என்று நிர்வாகத்தையோ அரசாங்கத்தையோ கேட்டால் ‘கொடுக்காவிட்டால் வரமாட்டார்கள்’ என்பார்கள். ஆனால் வாக்கியம் அதைச் சொல்லவே இல்லை. தர்க்கசாஸ்திரப்படி பார்த்தால் பதினைந்து கொடுத்தாலும் வரலாம், ஒன்றும் கொடுக்காவிட்டாலும் வரலாம். மைக்கேல் கைஸ், ஆர்னல்ட் ஸ்விக்கி என்ற இருவர் 1971இல் இதை அழைத்து வரப்படும் அனுமானம் என்று விளக்கினார்கள். ‘கொடுத்தால் மட்டும்’ என்று கேட்கிறவர் தாமாகச் சேர்த்துக்கொள்கிறார். பேரம், மிரட்டல், வாக்குறுதி மூன்றும் இந்தச் சேர்க்கையை நம்பித்தான் நடக்கின்றன. கணக்கு வாத்தியார் வகுப்பில் ‘ஆல்’ என்பதற்கு ஓர் அர்த்தம், சம்பள நாளில் இன்னொரு அர்த்தம். அந்த வகுப்பில் தோற்கும் பிள்ளைகள் வெளியே வந்து பேரத்தில் யாரிடமும் தோற்பதில்லை.

இனி கடந்த காலம். இந்த மலைகளில் தமிழர்கள் அதிகம் பேசும் நடவாத நிபந்தனை ஒன்று உண்டு: ‘தேவிகுளமும் பீர்மேடும் அன்னைக்குத் தமிழ்நாட்டோட சேர்ந்திருந்தா…’ 1956 நவம்பர் 1 மாநிலச் சீரமைப்பில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் நின்றன. 1972 ஜனவரியில் அவை புதிய இடுக்கி மாவட்டத்துக்குள் போயின. நூலிழையில் தவறிப்போனதைப் பற்றித்தான் மனிதன் ‘இருந்திருந்தால்’ என்று அதிகம் பேசுவான் என்பது உளவியலில் சோதித்துப் பார்த்த விஷயம். மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூவர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரருக்குத் தங்கம் ஒரு கை தூரம். வெண்கலக்காரருக்கு வெறுங்கை ஒரு கை தூரம். நான்கு தாலுகா கிடைத்து இரண்டு கிடைக்காமல் போனவர்களின் நிலையும் வெள்ளிப் பதக்கக்காரரின் நிலைதான்.

இந்த இடத்தில் தமிழ் கடைசியாக ஒரு வேறுபாடு காட்டுகிறது. ‘சேர்ந்தால்’ என்பது ‘சேர்ந்திருந்தால்’ ஆகிறது, பின்பாதி ‘கிடைத்திருக்கும்’ ஆகிறது. அதாவது ஆங்கிலப் பாடநூல் ‘டைப் த்ரீ’ என்று அழைக்கும் கடந்தகால நடவாத நிபந்தனை நம்மிடம் இருக்கிறது. ஆனால் அரைகுறையாக. ‘அவன் இந்நேரம் தொடுபுழை போயிருப்பான்’ என்றால் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஊகிக்கிறோம். ‘பஸ் கிடைத்திருந்தால் போயிருப்பான்’ என்றால் அவன் போகவில்லை. ஊகத்துக்கும் ஏமாற்றத்துக்கும் ஒரே ‘போயிருப்பான்’. ஆங்கிலத்தில் ஒன்று ‘மஸ்ட் ஹேவ்’, மற்றது ‘வுட் ஹேவ்’. இவற்றை மாற்றி எழுதும் பிள்ளையின் குழப்பம் இதிலிருந்து வருகிறது.

மலையாளம் இங்கே தமிழை விட்டுப் பிரிந்து தனிவழி போகிறது. குமுளியில் ஜீப் ஓட்டும் தமிழர் கடைக்காரரிடம் ‘சேட்டா, மழ பெஞ்சா ரோட்ட அடைச்சிருவாங்களா?’ என்று கேட்டால், ‘பெய்தால் அடய்க்கும்’ என்று பதில் வரும். இதுவரை இரண்டு மொழியும் தோள்மேல் கை போட்டு நடக்கின்றன. அன்று மழை ஏமாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கடைக்காரர் சொல்வார்: ‘இன்னலெ மழ பெய்திருந்நெங்கில் ரோடு அடச்சேனே.’ ‘நேற்று மழை பெய்திருந்தால் ரோட்டை அடைத்திருப்பார்கள், பெய்யவில்லை, அடைக்கவில்லை.’ இந்த ‘ஏனே’ நடக்காததற்கென்றே மலையாளம் வைத்திருக்கும் விகுதி. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

தமிழ்க் காதுக்கு இது கண்ணிவெடி. ‘நான் கண்டேனே’ என்று தமிழர் சொன்னால் கண்டார், சத்தியமாகக் கண்டார், ஏகாரம் அதற்கு முத்திரை. ‘ஞான் கண்டேனே’ என்று மலையாளி சொன்னால் காணவில்லை, கண்டிருப்பார், காணாமல் போய்விட்டது. காதுக்கு ஏறக்குறைய ஒரே சொல், நேர் எதிரான செய்தி. போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்லும்போது இந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நடைமுறையில் எல்லைக்காரர்கள் இதில் விழுவதில்லை. முன்னால் வரும் ‘எங்கில்’ அவர்களை எச்சரித்துவிடுகிறது.

வடிவம் இல்லாத மொழிக்காரருக்கு அந்த எண்ணமே ஓடாதா? ஆல்ஃப்ரெட் புளூம் 1981இல் ஒரு புத்தகம் எழுதி இப்படித்தான் வாதிட்டார். ஹாங்காங்கில் சீன மொழி பேசுவோரிடம் ‘அரசாங்கம் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற ரீதியில் அவர் கேட்டபோது, ‘அப்படிச் சட்டம் ஏதும் இல்லையே’ என்ற பதில் வந்தது. சீனத்தில் நடவாத நிபந்தனைக்குத் தனி வினைவடிவம் இல்லை, அதனால் அப்படிச் சிந்திப்பது அவர்களுக்குக் கடினம் என்றார். இரண்டே ஆண்டில் டெர்ரி ஔ, புளூம் சோதனைக்குப் பயன்படுத்திய கதைகளை இயல்பான சீனத்தில் திருத்தி எழுதிச் சோதித்தார். பெரும்பாலோர் சிரமமின்றிப் புரிந்துகொண்டார்கள். புளூமின் சீன வாக்கியங்களில்தான் கோளாறு இருந்தது என்பது அவர் வாதம். நான் ஔ பக்கம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 உயிர்கள் போயின, பெரும்பாலும் தமிழர்கள். அப்படி ஒரு சாவு விழுந்த வீட்டில் ‘அன்னைக்கு ஊருக்குப் போயிருந்தா’ என்று எத்தனை விதமாகச் சொல்லி அழுவார்கள் என்பது துக்கம் கேட்கப் போன யாருக்கும் தெரியும். அந்த எண்ணத்தை யாரும் இலக்கணப் புத்தகத்திலிருந்து கற்பதில்லை.

ஆகவே பாடம் சொல்லித்தருவோரிடம் ஒரு வேண்டுகோள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் தமிழ்வழி வகுப்புகளில் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் இரண்டு மொழியோடு வந்து உட்காருகிறது. ‘டைப் ஒன், டைப் டூ, டைப் த்ரீ’ என்று அட்டவணை போடுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதல் நாள் ‘அணை உடைந்தால்’ என்று பலகையில் எழுதி, உடையும் என்று நம்புகிறவர் ஒரு பக்கம், நம்பாதவர் மறுபக்கம் என்று வகுப்பைப் பிரித்து, ஒருவருக்கு ‘பிரேக்ஸ்’, மற்றவருக்கு ‘புரோக்’ என்று கொடுங்கள். ‘வுட் ஹேவ்’ வரும் நாளில் மலையாளம் தெரிந்த பிள்ளையை எழுப்பி ‘கண்டேனே’ என்பதை விளக்கச் சொல்லுங்கள். தமிழ் ‘கண்டிருப்பேன்’ தராத தெளிவை அது தரும்.